நன்றியுரைக்கு ஒரு மெட்டு

தாத்யாசாகேப் லோண்டே ஞானமந்திர் பொறியியல் கல்லூரியில் மாணவர் கலைச் செயலாளரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்தல் வைத்தால் மாணவர்கள் தங்களுக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்துவிடக்கூடிய அபாயம் இருப்பதை நிர்வாகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஆகவே இரும்புக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் பாடம் ஒன்றில் எவன் அதிக மதிப்பெண் வாங்குகிறானோ, அவனே கடைசி ஆண்டில் ஆடல் பாடல்களுக்குப் பொறுப்பு. கம்பி எங்கே வளையும், எங்கே ஒடியும் என்று தெரிந்தவனுக்குக் கலை நிகழ்ச்சி நடத்தத் தெரியாமலா போய்விடும் என்பது முதல்வர் டாக்டர் பாவ்ஸேயின் வாதம். அந்த ஆண்டு, அதாவது இரண்டாயிரத்து இரண்டில், கம்பி கிறிஸ்டோபரின் தலையில் விழுந்தது.

கிறிஸ்டோபரின் வீடு புனேயின் தாபோடியில். அப்பா லூர்துசாமி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா செல்வமேரி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவில் முன்வரிசை. தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் 'ஏல' என்று கூப்பிடுவார்கள். வாசலைத் தாண்டினால் இந்தி, முக்குத் தாண்டினால் மராத்தி, கல்லூரி வாசலில் ஆங்கிலம். இத்தனை பாஷையையும் சுமந்துகொண்டு லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் ஹடப்சரைத் தாண்டிப் போய்ப் படித்த கிறிஸ்டோபருக்கு எந்த பாஷையிலும் மனதில் உள்ளதைச் சொல்ல வராது. அதனால்தான் பாட்டு.

அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் தொழிற்சாலையில் என்னவோ வெடித்தது. சங்கு ஊதி வெகுநேரம் ஆகியும் லூர்துசாமியின் சைக்கிள் வரவில்லை. செல்வமேரி ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் நின்றாள். விளக்குக்கூடப் போடவில்லை. கடைசியில் அவர் வந்துவிட்டார், ஒரு கீறலும் இல்லாமல். சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார், அதோடு முடிந்தது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் பிறகு எடுக்கவில்லை. ஆனால் அம்மா நின்ற கோலம் கிறிஸ்டோபருக்குள் உட்கார்ந்துவிட்டது. ரயில் ஓட்டத்தின் தாளத்திலேயே ஒரு மெட்டு அமைத்து, தன் திக்குவாய்த் தமிழில் நாலு வரி எழுதியிருந்தான்.

'சங்கு ஊதிப் போச்சு, சைக்கிள் இன்னும் வரலை,
சாதம் ஆறிப் போச்சு, சத்தம் ஒண்ணும் இல்லை,
வாசல் பார்த்த அம்மா விளக்குக்கூட ஏத்தலை,
லூர்துசாமி... லூர்துசாமி... வந்துட்டாவ, வந்துட்டாவ.'

இதை மேடையில் பாட வேண்டும். அம்மா கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். அன்றைக்கு நீ நின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் அவன் ஆசை. படிப்பு முடிந்தால் மேடை கிடைக்காது. இதற்காகத்தான் அவன் அந்தப் பதவியை வேண்டாம் என்று சொல்லாமல் ஏற்றுக்கொண்டான்.

புனேயில் கல்லூரி ஆண்டு விழாவுக்கு 'கேதரிங்' என்று பெயர். அந்த ஆண்டு கேதரிங்குக்கு மாணவர்கள் நடனம், நாடகம், ஃபேஷன் ஷோ, பாட்டு என்று கொடுத்தார்கள். இவற்றைப் பரிசீலிக்க 'உள்ளடக்க ஆய்வுக் குழு' கூடியது. முதல்வர் பாவ்ஸே தலைவர். ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் ராமநாதன், சென்னையிலிருந்து சமீபத்தில் வந்தவர், வேலை இன்னும் நிரந்தரமாகாதவர். மற்ற இருவர் எப்போதும் தலையாட்டுகிறவர்கள்.

பாவ்ஸே முதலிலேயே சொல்லிவிட்டார்: "பொழுதுபோக்குக்கு நான் எதிரி இல்லை. மாணவனாக இருந்தபோது நானே பொழுதுபோக்கியிருக்கிறேன். ஒருமுறை."

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் நடனத்தில் இருவருக்கும் நடுவே ஒரு பெஞ்சு அகலம் இடைவெளி வேண்டும் என்றது குழு. மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இடைவெளி குறையாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டு, மேடையில் நிஜமாகவே ஒரு பெஞ்சைப் போடச் சொன்னார் பாவ்ஸே. பெஞ்சைச் சுற்றி ஆடிக் காட்டினார்கள். தலையாட்டுகிறவர்களில் ஒருவர் அன்றைக்கென்று வாயைத் திறந்து, இது கல்யாணத்தில் அக்னியைச் சுற்றி வருவது போல இருக்கிறதே என்றார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்லூரிச் செலவில் யாருக்கும் திருமணம் செய்துவைக்க முடியாது என்று நடனம் நீக்கப்பட்டது.

நாடகத்தில் ஒரு முட்டாள் வந்தான். யார் அந்த முட்டாள் என்று குழு கேட்டது. யாருமில்லை, கற்பனை என்றார்கள். "கற்பனை முட்டாளுக்கு மீசை எதற்கு?" என்றார் பாவ்ஸே, தன் மீசையைத் தடவியபடி. உடனே மீசையை எடுத்துவிட்டார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த, மீசையில்லாத ராமநாதன் முகம் கறுத்தது. நாடகமும் போயிற்று. ஃபேஷன் ஷோவை மட்டும் குழு பெருந்தன்மையோடு அனுமதித்தது. ஆய்வகக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, கையில் ஸ்பேனருடன், வரிசை கலையாமல் நடந்து போகலாம் என்றது. பெயர் கொடுத்தவர்கள் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இன்றைய மாணவர்களுக்கு எதிலும் ஆர்வமில்லை என்று பாவ்ஸே குறிப்பெழுதினார்.

மிஞ்சியது பாட்டு. கசார்வாடியில் தன் அப்பாவின் லேத் பட்டறைக்கு மேலே குடியிருந்த வகுப்புத் தோழன் ராஜா கிடார் வாசிக்க, கிறிஸ்டோபர் குழுவின் முன்னால் பாடினான். தலையாட்டுகிறவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவ்ஸே அவரை ஒரு பார்வை பார்த்ததும் கண்ணாடியைத் துடைப்பதாக மாற்றிக்கொண்டார்.

ராமநாதன் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார். அதற்கு முன், 'வந்துட்டாவ' என்பது கொச்சை, 'வந்துவிட்டார்' என்று இருக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே பதிவு செய்தார்.

"சங்கு ஊதிய பிறகும் தொழிலாளி வீட்டுக்கு வரவில்லை. ஏன்? நிர்வாகம் அனுப்பவில்லை என்கிறானா?" என்று கேட்டார் பாவ்ஸே. "நம் தலைவர் தாத்யாசாகேபுக்கும் தொழிற்சாலை இருக்கிறது. இல்லை, அவர் குடிக்கப் போய்விட்டாரா? கல்லூரி மேடையில் குடி கூடாது. சோறு ஆறிவிட்டது என்பது யாரைக் குத்துகிறது? நம் ஹாஸ்டல் மெஸ்ஸையா?"

குழு ஒரு திருத்தம் சொன்னது. அப்பா நேரத்துக்கு வந்துவிட வேண்டும். சாதம் சூடாக இருக்க வேண்டும்.

"அப்பா நேரத்துக்கே வந்துட்டா, அப்புறம் பாட்டு எதுக்கு சார்?" என்றான் கிறிஸ்டோபர்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் பாவ்ஸே.

கடைசியில் ராமநாதன்தான் வெளியே வந்து அவன் தோளில் கை போட்டார். "கிறிஸ்டோபர், உனக்காக உள்ள நான் எவ்ளோ ஃபைட் பண்ணேன் தெரியுமா? தேசிய ஒருமைப்பாடுன்னு தலைப்பு போட்டா ஒரு பாட்டு விடறேன்னுட்டாங்க. வரியெல்லாம் அப்படியே இருக்கட்டும், எப்படியும் யாருக்கும் புரியப்போறதில்ல. ஒரே ஒரு கண்டிஷன். வேஷ்டி கட்டிக்கணும். நெத்தில பட்டையா விபூதி."

"சார், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்ப்பா. நீ மதராஸின்னு ஆடியன்ஸுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வேட்டி கட்ட வராது சார்."

"எனக்கு மட்டும் வருமா? மேல பெல்ட் போட்டுக்கோ."

விபூதியைப் பேரம் பேசிக் குறைத்து, வேட்டிக்கு ஒப்புக்கொண்டான். ஆசை அப்படிப்பட்டது.

இனிக் கல்லூரித் தலைவரின் ஆசி மட்டும்தான் பாக்கி. தாத்யாசாகேப் லோண்டே ஒரு காலத்தில் டேங்கர் லாரியில் தண்ணீர் விற்றவர். அவருடைய அறையில் அவருடைய படங்கள் இருந்தன. ஒரு படத்தில் அவர் தன் படத்துக்கே மாலை போட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்டோபரைப் பார்த்ததும் மராத்தியில் அன்பாகப் பேச ஆரம்பித்தார்.

"உட்கார் பாளா, நீ என் பிள்ளை மாதிரி. இல்லை, நின்றுகொண்டே கேள். நான் நாலாவதுக்கு மேல் படித்ததில்லை. ஐந்தாவதில் என்னைச் சேர்க்க மாட்டேன் என்ற பள்ளிக்கூடத்தை இப்போது வாங்கிவிட்டேன். அங்கே என் டேங்கர்கள் நிற்கின்றன. கல்வியின் அருமை எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் விற்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஜனங்களுக்குத் தாகம் கோடையில் மட்டும்தான். பிள்ளைகளைப் பற்றிய கவலை மழைக்காலத்திலும் இருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், சமூகத்துக்குத் தொண்டு செய்வதென்று."

"பாட்டு ஒண்ணு பாட..." என்று தொடங்கினான் கிறிஸ்டோபர்.

"பாடு, பாடு. இளைஞர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் பேர் கெடக்கூடாது. என் பேரைச் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் என் பேரைக் கேட்டால் எனக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது. டாக்டரே ஆச்சரியப்படுகிறார். மாத்திரையைக் குறைத்துவிட்டார். அதனால்தான் இத்தனை விழாவுக்குப் போகிறேன், உடம்பு முடியாவிட்டாலும்."

கேதரிங் நாள் வந்தது. கல்லூரி மைதானத்தில் பந்தல். கிறிஸ்டோபர் வேட்டிக்கு மேல் அப்பாவின் தொழிற்சாலை பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். செல்வமேரி ஈஸ்டருக்கு உடுத்தும் பட்டுச் சேலையில், கையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏல கிறிஸ்டி, இது என்னல கோலம்? கல்யாணத்துல பந்தி வெக்கிற ஆளு மாதிரி நிக்க?"

"தேசிய ஒருமைப்பாடும்மா."

"என்ன எழவோ. எப்பம்ல பாடுவ?"

"ஜல்தி வந்துரும்மா. நீங்க முன்னால உக்காருங்க."

முதலில் குத்துவிளக்கு. காற்றில் திரி பற்றவில்லை. ஒவ்வொரு திரியையும் ஒவ்வொரு பெரிய மனிதர் ஏற்ற வேண்டும் என்பதால், அணைந்த திரியை அதே பெரிய மனிதர்தான் திரும்ப ஏற்றலாம், பக்கத்தில் நிற்பவர் ஏற்றினால் மரியாதைக் குறைவு. இதிலேயே பொழுது சாய்ந்தது. பிறகு வரவேற்புப் பாட்டு, பேராசிரியர்களின் மனைவிமார் பாடியது. அதன் பிறகு முன்னுரை. 'நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக' என்று ஆரம்பித்த பாவ்ஸே, கல்லூரிக்கு நிலம் வாங்கியது முதல் கழிப்பறைக்கு ஓடு பதித்தது வரை சொன்னார். அதற்குப் பிறகு 'சத்கார்'.

சத்கார் தெரியாதவர்கள் அந்த ஊரில் இருக்க முடியாது. ஒருவருக்குச் சால்வை போர்த்தி, கையில் தேங்காயும் பூங்கொத்தும் கொடுப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் யாருக்கு யார் கையால் என்பதில்தான் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. வார்டு கார்ப்பரேட்டருக்குத் தலைவர் போர்த்தலாம். பாங்க் மேனேஜருக்குத் தலைவரின் மனைவி. கட்டடம் கட்டிய காண்ட்ராக்டருக்குத் தலைவரின் மகன், அந்தக் கட்டடத்தில் விரிசல் விட்ட பிறகும். சால்வை போர்த்தியவரைச் சும்மா விட்டால் அவர் வேலைக்காரனா? அவருக்கும் ஒரு சால்வை. அதைப் போர்த்த இன்னொருவர். பிறகு அவருக்கு.

கிறிஸ்டோபர் தட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றான். கலைச் செயலாளரின் மேடைப் பணி என்பது அதுதான் என்று அப்போதுதான் அவனுக்குச் சொன்னார்கள். சால்வை தீர்ந்துபோகும் நிலை வந்ததும் ராமநாதன் திரைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, போர்த்தப்பட்டவர்களின் நாற்காலி முதுகிலிருந்து சால்வைகளை உருவி, மடித்து, மறுபடி தட்டில் வைத்தார். தேங்காய்களும் அப்படியே சுற்றின. அதில் குடுமி பிய்ந்த ஒரு தேங்காய் கார்ப்பரேட்டரிடம் போய், காண்ட்ராக்டரிடம் போய், தலைவரின் மனைவியிடம் போய்க் கிறிஸ்டோபரிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த மேடையில் அவனுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

நடுவில் கோட்டு சூட்டுடன் ஒருவர் மேடையேறினார். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதாலேயே பெரிய மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கும் போர்த்தினார்கள். ஒலிபெருக்கியைக் கொடுத்ததும் அவர் மனமுருகி, மணமக்கள் எல்லாச் செல்வங்களும் பெற்று நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தினார். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்தவர், வாசல் மாறிவிட்டது. பாவ்ஸே ஆழமாகத் தலையசைத்துக் கைதட்டினார். கூட்டத்தில் மாணவர்கள் கூச்சலிட்டதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு தாத்யாசாகேப் எழுந்தார்.

"என்ன அருமையான இளைஞர்கள்!" என்றார். "இவர்களுக்குள் எத்தனை திறமை! நாம் பெரியவர்கள் செய்கிற தவறு என்ன? நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். இவர்களுக்கு வாய்ப்பே கொடுப்பதில்லை. நான் அப்படிச் செய்யமாட்டேன். ஏன் செய்யமாட்டேன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்."

விளக்கம் தொடர்ந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடி விளக்கினார். டேங்கர் காலத்துக்குப் போய் வந்தார். தாய்மார்கள் குழந்தைகளை மடியில் தூங்க வைத்தார்கள். முன்வரிசையில் செல்வமேரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டோடு நிற்கும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அவன் ஓரடி முன்னால் வைத்தபோதும் அவளும் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

பத்து மணியாகப் போகிறது, அதற்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சொல்ல போலீஸ் ஹவல்தார் ஒருவர் வந்து வாசலில் நின்றார். தலைவர் அமர்ந்தார். ராமநாதன் திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார்.

"பாட்டை எடுத்தாச்சுப்பா. நேரா நன்றியுரை, அப்புறம் ராஷ்டிரகீதம். முடிச்சிடலாம்."

"சார், எங்கம்மா வந்திருக்காங்க."

"நல்லதாப் போச்சு. நன்றியுரை மாணவர் செயலாளர்தானே சொல்லணும், நீதானே மைக்ல பேசப்போற? அம்மா பார்க்கட்டும்." ஒரு தாளைக் கையில் திணித்தார். "எல்லாப் பேரும் இதுல இருக்கு. ஒரு பேர் விட்டாலும் என் வேலை போயிடும். பெரியவர் பேர் கண்டிப்பா வரணும். உன் டிகிரியும் அவர் கையெழுத்துதான், ஞாபகம் வெச்சுக்கோ."

கிறிஸ்டோபருக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. வேட்டியைக் கட்டச் சொன்னார்கள், கட்டினான். தட்டைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தான். இந்தத் தடியர்கள் ஆளுக்கு ஆள் போர்த்திக்கொள்ள ஒரு சாயங்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள், அவனுக்கு நாலு வரி கொடுக்க மனமில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கி முன் போய் நின்றான். மேடையோரம் கிடாரோடு காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போயிருந்த ராஜாவைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். ராஜா விழித்ததும் பழக்கதோஷத்தில் மெட்டை ஆரம்பித்துவிட்டான்.

கிறிஸ்டோபர் நன்றியுரையைப் பாடினான்.

'சங்கு ஊதிப் போச்சு' என்று வரவேண்டிய இடத்தில் காண்ட்ராக்டரின் பெயர் வந்தது. 'சைக்கிள் இன்னும் வரலை' என்ற இடத்தில் அவருடைய கம்பெனியின் பெயர். பட்டியலின் அடியிலிருந்து மேல் நோக்கிப் பாடினான். பாவ்ஸே திடுக்கிட்டு எழுந்து, கையை உயர்த்தி, நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நிமிஷம் பாட்டில் 'டாக்டர் பாவ்ஸே' என்று வந்தது. உயர்த்திய கை மெல்லக் கூப்பிக்கொண்டது. உட்கார்ந்தார். பாங்க் மேனேஜர் தன் பெயர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்ததும் மனைவியை முழங்கையால் இடித்தார். பெயர் வந்துவிட்டவர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். வராதவர்கள், இவன் எங்கே நிறுத்திவிடப் போகிறானோ என்று பதறினார்கள். மாணவர்கள் தாளம் தட்ட ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் முதல் முறையாக அந்த மைதானத்தில் ஒரு கேதரிங் நடந்தது.

மணி பத்தாயிற்று. ஹவல்தார் ஒலிபெருக்கிக்காரனிடம் போனார். கிறிஸ்டோபர் அவர் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்து, 'ஹவல்தார் ஷெல்கே சாகேப்' என்று ஒரு அடி சேர்த்தான். ஷெல்கே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் மேடையிலிருந்து தாத்யாசாகேபே எழுந்து, "அணைக்காதே! எவனாவது அணைத்தால் தொலைத்துவிடுவேன்!" என்று கத்தினார். அவர் பெயர் இன்னும் வரவில்லை.

கடைசி அடி வந்தது. மெட்டின் உச்சி அது. அந்த இடத்துக்காகத்தான் முழுப் பாட்டும். கிறிஸ்டோபர் அம்மாவைப் பார்த்தான். அவள் வாயைச் சற்றே திறந்தபடி, பூசையில் நற்கருணைக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. லூர்துசாமி என்று பாடிவிடலாம். யார் தடுக்க முடியும்? பிறகு ராமநாதனின் வேலை, தன் டிகிரி, அப்பா ஓவர்டைம் பார்த்துக் கட்டிய ஃபீஸ் எல்லாம் கண் முன்னால் வந்தன. அவன் தொண்டை ஒரு கணம் அடைத்தது.

'தாத்யாசாகேப்... லோண்டே... லோண்டே...' என்று பாடினான்.

தலைவர் அழுதுவிட்டார். ஒலிபெருக்கியைப் பிடுங்கி, தன் வாழ்நாளில் இப்படி ஒரு கலையை அனுபவித்ததில்லை என்றும், இளைஞர்களிடம் திறமை இருப்பதாகத் தான் அப்போதே சொன்னதாகவும், இனி ஒவ்வோர் ஆண்டும் நன்றியுரை இந்த மெட்டில்தான் என்றும் அறிவித்தார். ஹவல்தார் ஷெல்கே முதல் ஆளாகக் கைதட்டினார். கிறிஸ்டோபரை அழைத்துச் சால்வை போர்த்தி, கையில் ஒரு தேங்காய் கொடுத்தார்கள். குடுமி பிய்ந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வமேரி தேங்காயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தாம்ல பாடுன. அத்தன பேரு பேரையும் தப்பில்லாம சொன்ன பாரு, நம்ம சாமியாரே புனிதர்கள் பேரச் சொல்லும்போது ரெண்ட விட்டுருவாரு." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "கடேசிப் பேருல தொண்டை கம்முச்சே, ஏம்ல?"

"தண்ணி குடிக்கலம்மா."

"சொன்னா நான் குடுத்திருப்பேம்ல, பாட்டில் கையிலதான வெச்சிருந்தேன்" என்று டப்பாவைத் திறந்தாள். லெமன் சாதம் ஆறிப்போயிருந்தது.

கல்லூரி சொன்னபடி செய்தது. 'இசை நன்றியுரைக் குழு' அமைக்கப்பட்டு பாவ்ஸே தலைவரானார், ராமநாதனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. மாணவர்கள் பாடினால் பெயர் விட்டுப்போகலாம் என்பதால் பேராசிரியர்களே ஆர்மோனியத்துடன் பாட வேண்டும் என்று முடிவாயிற்று. மறு ஆண்டு கேதரிங்கில் அது மாத்திரமே கலை நிகழ்ச்சி. லோண்டேயின் பெயர் பல்லவியாகி, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் வந்தது. பிறகு அதைக் கேசட்டில் பதிந்து, காலையில் கல்லூரி பஸ்களிலும், தலைவருக்கு ரத்த அழுத்தம் ஏறும் நாட்களில் அவர் அறையிலும் போட்டார்கள். மாணவர் பொழுதுபோக்குக்கு அந்தக் கல்லூரி காட்டும் அக்கறையைப் பாராட்டி ஏதோ ஒரு சங்கம் விருது கொடுத்தது. அந்தச் சங்கத்தின் தலைவரும் தாத்யாசாகேப்தான். விருதை அவருக்கு அவரே கொடுத்துக்கொள்ள முடியாததால் மனைவி கொடுத்தார், மனைவிக்கு மகன் போர்த்தினான்.

கிறிஸ்டோபர் படிப்பை முடித்து ஹடப்சரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. செல்வமேரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். அந்த வெடிவிபத்துக்குப் பிறகு சங்கு ஊதினால் அவள் எழாமல் இருந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெருவைப் பார்த்தபடி எதையோ முணுமுணுத்தாள். அவனுடைய மெட்டு. உச்சியில் வரும் இடத்தில், நிதானமாக, 'லோண்டே... லோண்டே...' என்றாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்த எடத்துல அந்த நாயி பேரு இல்லம்மா. நான் எழுதுனது வேற பேரு."

"யாரு பேருல?"

"அப்பா பேரு. பாட்டே... அன்னைக்கு நீங்க இங்க நின்னீங்கள்ல, அப்பா வரல... அந்த..." அதற்கு மேல் அவனுக்குத் தமிழ் வரவில்லை.

செல்வமேரி திரும்பி அவனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"போல கிறுக்கா. கட்டுனவிய பேர நான் எப்படில வாயால சொல்லிப் பாடுவேன்? இந்த லோண்டேன்னா பாடிக்கிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்?"

அதற்குள் லூர்துசாமியின் சைக்கிள் வந்துவிட்டது. ஸ்டாண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்: "யாருல அந்த லோண்டே? உங்கம்மா நாள் பூரா அவன் பேரத்தான் பாடிக்கிட்டுக் கெடக்கா. பெரிய ஆளோ?"

"பெரிய ஆளுதான்ப்பா" என்றான் கிறிஸ்டோபர்.

அம்மா உள்ளே போய்த் தட்டு வைத்தாள். பாவ்ஸேயின் குழு திருத்திக் கொடுத்தது போலவே, அப்பா நேரத்துக்கு வந்திருந்தார், சாதம் சூடாக இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.